அஷ்டமியில் கிளம்புங்கள்

கேள்வி: போன ஜூலையில் ஒரு ஞாயிறு, நண்பர்கள் நாலு பேர் ராத்திரி எட்டரை மணிக்கு ஜூஹு பக்கம் ஒரு கடலோரப் பப்புக்குப் போனோம். பில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. கடல் கண்ணில் படவே இல்லை. 'இன்று வந்தது' என்று சொல்லிக் கொடுத்த வஞ்சிரமும் சுமார்தான். இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மட்டும் கடற்கரைப் பப் என்றால் அப்படிச் சிலாகிக்கிறான். வரும் டிசம்பரில் மனைவியையும் 22 வயது அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்கக் கடலோரம் சுற்றிவிட்டு, சாயங்காலம் அப்படி ஓர் இடத்தில் உட்கார ஆசை. உருப்படியான பப் ஒன்றின் பெயர் சொல்லுங்கள். 'குடிக்கிறதுக்குக் குடும்பத்தோட வேற போகணுமா?' என்கிறார் மாமனார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– செம்பூர் வாசகர்

பதில்: பெயர் சொல்வதாக இல்லை. நீங்கள் போன இடத்தில் பெரிய குறை இருந்ததாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. போன நேரம்தான் கோளாறு.

ஜூலையில் மும்பையில் சூரியன் மறைவது ஏழேகால் மணி வாக்கில். நீங்கள் எட்டரைக்குப் போயிருக்கிறீர்கள். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு, நடுவில் மழைக்காகச் சாத்திய கண்ணாடி. அதில் உங்கள் நாலு பேர் முகமும் மேசை மேலிருந்த வேர்க்கடலை மசாலாவும் தெரிந்திருக்கும், கடல் எப்படித் தெரியும்? வஞ்சிரத்தையும் திட்டாதீர்கள். இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் பாதியில் முடிகிற அதே தடைக்காலம்தான், இங்கே மழையோடு வருகிறது. ஜூலையில் வந்து நிற்கிற வஞ்சிரம் பெரும்பாலும் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து வந்ததாகத்தான் இருக்கும்.

சரி, டிசம்பருக்கு வருவோம். சூரியன் ஆறு மணிக்கே இறங்கிவிடும், மழை இல்லை, கதவைத் திறந்து வைப்பார்கள். அப்படியும் ஒரு விஷயத்தில் ஏமாறலாம். நானே ஏமாந்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், பௌர்ணமியாயிற்றே, சூரியன் இந்தப் பக்கம் இறங்க நிலா அந்தப் பக்கம் ஏறும் என்று கணக்குப் போட்டு, பாந்த்ரா கரையோரம் ஓர் இடத்தில் முதல் வரிசை மேசையைச் சொல்லிவைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் கடலைக் காணோம். எதிரே கறுப்புப் பாறை, பாறை இடுக்கில் பிளாஸ்டிக் பைகள், சேறு, இரண்டு நாய்கள். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. காற்று திரும்பியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், வெயிட்டர் தானாகவே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மேசைக்கு வாங்கிய கூடுதல் காசைத் திருப்பித் தரவில்லை.

மெரினா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். மும்பையில் பெரிய நாட்களில் நாலு மீட்டரைத் தாண்டும், அதாவது இரண்டரை ஆள் உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஹை டைடு, அதாவது கடல் முழுக்க ஏறி நிற்பது, பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு. அப்படியானால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடல் அடிமட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். ஏழெட்டு நாள் தள்ளி எண்ணிப் பாருங்கள். ஹை டைடு மாலை ஐந்தரை, ஆறு, ஆறரைக்கு வந்து நிற்கும். டிசம்பரில் சூரியன் மறைகிற அதே நேரம்.

ஏழெட்டு நாள் தள்ளி என்ன திதி? அஷ்டமி, நவமி! எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற இரண்டும்தான் மும்பையில் கடலோரம் உட்கார்ந்து ஒரு கிளாஸ் கையில் எடுக்க ஏற்ற நாள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரே போதும்.

திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்துக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் நம்மூர் மாதிரி கடலிலிருந்து எழும்பும், மாலையில் கட்டிடங்களுக்குப் பின்னால் போய்விடும். தாஜ் ஓட்டலின் ஹார்பர் பார் 1933-இல் திறந்தது, இந்த நகரத்தின் முதல் உரிமம் பெற்ற பார் என்கிற பெருமை உண்டு. ஆனால் அஸ்தமனம் பார்க்க என்று அங்கே போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மறையும். அதற்கு ஜூஹு, வெர்சோவா, மெரின் டிரைவ் மொட்டை மாடிகள்தான்.

உங்கள் அண்ணன் அளப்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841-இல் ரயில் வந்ததிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் கடலோரத்துக்கு ஒருநாள் போய் வருவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். குளிர்காற்றில் கூழாங்கல் கரையில் மணிக்கணக்காக நடப்பார்கள். காது சிவந்து, ஷூ நனைந்து, பசி எடுத்து, அப்புறம்தான் பப்புக்குள் நுழைவார்கள். நடந்து களைத்தவனுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும். நீங்கள் செம்பூரிலிருந்து டாக்ஸியில் ஏறி நேராகப் பப் வாசலில் இறங்கியிருப்பீர்கள். (அளவிலும் ஏமாறாதீர்கள். அண்ணன் சொல்கிற பைண்ட் 568 மில்லி. இங்கே பைண்ட் என்று கேட்டால் 330 மில்லி பாட்டில் வரும்.)

ஆகவே முதலில் நடங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஹார்பர் லைனில் ஏறினால் டாக்யார்ட் ரோடு. அங்கே இறங்கினால் பாவுச்சா தக்கா படகுத்துறை பக்கம். அங்கிருந்து எதிர்க்கரையிலிருக்கும் மாண்ட்வாவுக்கு 2020 முதல் ரோ-ரோ கப்பல் ஓடுகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். அந்தக் கரையில் அலிபாக் வரை போய், மணலில் கால் வலிக்க நடந்து, மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்கு மாண்ட்வா படகுத்துறைப் பக்கம் வந்து உட்காருங்கள். அலிபாக் கரைக்கு எதிரே கடலில் இருக்கிற குலாபா கோட்டைக்குத் தண்ணீர் வற்றியதும் நடந்தே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு அமாவாசை, பௌர்ணமிதான் தோது. அஷ்டமியில் கடல் அவ்வளவு வற்றாது, படகுதான். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. திரும்பி வரக் கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவையுங்கள், இரண்டாவது கிளாஸுக்கு அப்புறம் கேட்காதீர்கள்.

ரோ-ரோவில் கார் ஏற்றலாம். நீங்கள் ஏற்றாதீர்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டிவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பாட்டிலை வாங்கிக்கொண்டு மணலில் போய் உட்காருவதும் குற்றம். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கவும் இறங்காதீர்கள்.

அக்கா மகன் விஷயம். இது இன்னமும் 1949-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் நடக்கிற மாநிலம். பார் வாசலில் 'பெர்மிட் ரூம்' என்று எழுதியிருப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. குடிப்பவர் கையில் பெர்மிட் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு நாளைக்கும் உண்டு, ஒரு வருஷத்துக்கும் உண்டு, ஆயுளுக்கும் உண்டு. பீருக்கு 21 வயது, விஸ்கி, ரம் வகையறாவுக்கு 25. அவர் பீரோடு நிறுத்திக்கொள்ளட்டும். நீங்கள் பெருந்தன்மை காட்டி உங்கள் கிளாஸை நகர்த்த வேண்டாம்.

மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு, ஊறுகாயை நக்கிவிட்டு, பத்து நிமிஷத்தில் தள்ளாடிப் போகிறவர்களைத்தான் அவர் ஊரில் பார்த்திருப்பார். குடும்பத்தோடு போக வேறு வகை உண்டு என்பதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? ஆனால் உங்கள் கடிதத்திலும் ஒன்று உறுத்துகிறது. மனைவியைக் 'கூட்டிக்கொண்டு' போவதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கே அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. ஆண்கள் மூன்றாவது ரவுண்டு சொல்ல, பெண்கள் ஃபிரெஞ்சு ஃபிரைஸைக் கிளறிக்கொண்டு போனில் மணி பார்க்கிற மேசைகளை மும்பையில் நிறையப் பார்த்தாயிற்று. எங்கே போவது, எப்போது எழுந்து கிளம்புவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மாமனாருக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம், அவரையும் அழைத்துப் போங்கள். கப்பலில் மேல்தளத்து இருக்கை, மதியம் மீன், சாயங்காலம் ஒரு ஃபிரெஷ் லைம் சோடா, மேற்கே பார்த்த நாற்காலி. கிளம்புகிற அன்று காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.