ஊர் டிவி ஏன் இஞ்ச ஓடுதில்ல?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை உப்புவெளி, இப்ப டொரண்டோவில. அம்மா வீட்ட இருந்து பார்க்கிற சேனலை நானும் போன்ல பார்ப்பம் எண்டு திறந்தா, செய்தி ஓடுது, கிரிக்கெட் வந்த உடனே உங்கட நாட்டில பார்க்கேலாது எண்டு நிக்குது. வேற நாட்டில நிக்கிற மாதிரிக் காட்டுற விபிஎன் ஆப் போடலாமோ?

பதில்: தங்கச்சி, உங்கட போன்ல பிழையில்ல. மேட்ச் காட்டுற உரிமையை நாடு நாடாத்தான் விக்கிறவை, இலங்கைக்கு வாங்கின சேனல் கனடாவில காட்டேலாது, நீங்க எங்க நிக்கிறியள் எண்டு உங்கட இன்டர்நெட் இணைப்பின்ர இலக்கமான ஐபி முகவரிய வச்சுப் பிடிச்சிடும். செய்தி அவையின்ர சொந்தச் சரக்கு, அதால யூடியூப்பில தாராளமா ஓடும். விபிஎன் போட்டா இலங்கை சர்வர் இருக்கோ எண்டு முதல்ல பாருங்க, இந்தியா சர்வரால பிரயோசனமில்ல, சில சேவையள் விபிஎன்னை விதியிலயே தடுத்திருக்கு, சும்மா கிடைக்கிற விபிஎன் ஆப்புகளைப் போட்டுக்கொண்டு பேங்க் கணக்குக்குள்ள போகாதேங்கோ. நேரத்தையும் பாருங்க, இஞ்ச இலங்கையில இரவு 8 மணிச் செய்தி அங்க குளிர்காலத்தில காலம 9.30, கோடையில 10.30, வேலையில நிப்பியள், பிறகு போடுற பதிவுதான் சரி.

என்ர மகன் லண்டனில, அவனுக்கு இதொண்டும் வேண்டாம். வீடியோ கோல் எடுத்து, போனை டிவிக்கு முன்னால சீனிப் போத்தல்ல சாய்ச்சு வைக்கச் சொல்லுவான். பாதி நேரம் ஃபேன் சத்தம்தான் கேக்கும், எண்டாலும் கட் பண்ண விடமாட்டான்.