உண்ணி கடிச்சா வயித்துப் பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். எம் மவ நியூ ஜெர்சியில இருக்கா, இப்ப அஞ்சு மாசம், தலைப்பிள்ளை. வீட்டுக்குப் பொறத்த உள்ள பார்க்குல நடக்கப் போனவளுக்கு முட்டுக்குப் பின்னால உண்ணி கடிச்சிருக்கு, பிடிச்சு எடுத்துப் போட்டுட்டா, பத்து நாளு கழிச்சு அந்த எடத்துல வட்டமா ஒரு செவப்புத் தடிப்பு. டாக்டர் பாத்ததும் இது உண்ணி கடியால வருற லைம்ங்கிற கிருமி நோய்னு சொல்லி 14 நாளைக்கு அமாக்சிசிலின் குடுத்தாராம், முழுசும் சாப்பிட்டுட்டா, இப்ப அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா சொந்தத்துல உள்ள ஒரு பிள்ளை, இது கொழந்தைக்கும் போகும் ஊனமா பொறக்கும்னு வாட்ஸ்அப்ல எதையோ அனுப்பி வச்சிட்டா, மருமவன் வீட்டுல 'களைச்சிரலாமா'ன்னு பேச்சு வருது. எனக்கு ஒறக்கமே இல்ல. பிள்ளைக்கு வருமா? பொறந்த பெறகு பால் குடுக்கலாமா?

பதில்: அக்கா, மொதல்ல அந்த 'களைக்கிற' பேச்ச நிறுத்தச் சொல்லுங்க. உங்க மவளுக்கு நோய சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு, சரியான மருந்து குடுத்தாச்சு, அவளும் ஒரு நேரம் கூட விடாம சாப்பிட்டாச்சு. இப்படிச் சிகிச்சை எடுத்த கர்ப்பிணிகளுக்கு, நோயே வராத கர்ப்பிணிகள விட பிள்ளைக்கு ஆபத்து கூடுதல்னு சொல்ல ஆதாரம் இல்ல, அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசியும் இதத்தான் சொல்லுது. லைம்ங்கிற ஒரே காரணத்துக்காக கர்ப்பத்தக் கலைக்கச் சொல்லி எந்த மருத்துவ வழிகாட்டுதலும் கிடையாது.

ஆனா அந்த வாட்ஸ்அப் பிள்ளை சொன்னது முழுப் பொய்யும் இல்ல, அதனாலதான் இப்படிப்பட்ட சேதி எல்லாம் வீட்டுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துருது. தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போக வாய்ப்பு இருக்கு, ரொம்ப அபூர்வமா. சிகிச்சையே எடுக்காம விட்டா கிருமி நஞ்சுக்கொடிக்குப் போகலாம், அங்க இருந்து பிள்ளைக்கும் போகலாம். அந்தச் சேதியில விட்டுப்போனது 'சிகிச்சையே எடுக்காம விட்டா'ங்கிற மூணு வார்த்தைதான்.

இந்தப் பயம் எங்க இருந்து வந்துதுன்னு சொல்லுதேன். உங்க காலத்துலயும் சரி இப்பவும் சரி, மாசமா இருக்கிற பொண்ணு பிஎச்சிக்குப் போனா ரத்தம் எடுத்து விடிஆர்எல்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க இல்லியா, அது சிஃபிலிஸ்ங்கிற மேகநோய்க்கு, ஏன்னா அது மருந்து எடுக்காம விட்டா தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போகிற நோய். அந்தக் கிருமி திருகாணி மாதிரி சுருண்டு இருக்கும். லைம் நோய்க் கிருமியும் அதே சுருள் வம்சம்தான், பேரு பொரீலியா. 1975 வாக்குல அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல லைம்ங்கிற ஊர்ப் பக்கம் நெறைய பிள்ளைகளுக்கு முட்டு வீங்கி நடக்க முடியாமப் போச்சு, அந்த ஊர்ப் பேருதான் நோய்க்கு நின்னுபோச்சு. உண்ணியோட வயித்துக்குள்ள அந்தக் கிருமிய வில்லி பர்க்டார்ஃபர்ங்கிற விஞ்ஞானி கண்டது 1981ல. சிஃபிலிசுக்குச் சொந்தக்காரக் கிருமின்னா இதுவும் வயித்துப் பிள்ளைய விடாதுன்னு டாக்டர்களுக்கே அப்பவே சந்தேகம் வந்துட்டு. அது மாதிரியே 1985ல ஒரு கேஸ் வெளியாச்சு, முதல் மூணு மாசத்துல லைம் வந்து மருந்தே எடுக்காத தாய், பிள்ளை இதயக் கோளாறோட பொறந்து ரெண்டு நாளைக்குள்ள போயிட்டு, அதோட உடம்புல அந்தச் சுருள் கிருமி இருந்துது. இப்ப வாட்ஸ்அப்ல சுத்துற பயத்துக்கு வேர் தேடிப் போனா இந்த மாதிரி பழைய கேஸ்லதான் போயி நிக்கும்.

அதுக்குப் பெறகு பாத்ததுல, ருபெல்லா அம்மைன்னா கண்ணு காது இதயம்னு ஒரு குறிப்பிட்ட பாதிப்பு வரிசையா வரும் பாருங்க, அந்த மாதிரி 'இதுதான் லைம் பிள்ளை'ன்னு அடையாளம் சொல்லுற எந்த ஊனமும் லைமுக்குத் தெரிய வரல்ல. ஹங்கேரியில லைம் வந்த 95 கர்ப்பிணிகளப் பாத்து 2010ல ஒரு கணக்கு போட்டாங்க. கொறமாசம், கருச்சிதைவு இப்படி ஏதாவது ஒரு பிரச்சினை வந்தது ஊசி வழியா மருந்து எடுத்தவங்கள்ல நூத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு, மாத்திரை எடுத்தவங்கள்ல முப்பதுக்குச் சொச்சம், மருந்தே எடுக்காதவங்கள்ல அறுபது. அறுபதுன்னதும் நெஞ்சப் பிடிக்காதீங்க, மருந்து எடுக்காதவங்க மொத்தமே பத்துப் பேருதான், மாத்திரைக்காரங்க பத்தொம்பது பேரு. இவ்வளவு சின்னக் கூட்டத்த வச்சி ஊசிதான் ஒசத்தி மாத்திரை மட்டம்னு முடிவு கட்டக் கூடாது. தடிப்போட நிக்கிற ஆரம்ப நோய்க்கு மாத்திரையே போதும்னுதான் இப்பவும் நடைமுறை. ஆனா மருந்து எடுத்ததுக்கும் விட்டதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது இல்லியா.

உங்க மவளோட டாக்டர் ஆளு கொள்ளாம். பெரியவங்களுக்கு லைம்னா வழக்கமா டாக்சிசைக்ளின்தான் குடுப்பாங்க, அந்த மருந்து வகை வயித்துப் பிள்ளையோட பல்லு எலும்பப் பாதிக்குமோன்னு ஒரு எச்சரிக்கை இருக்கதால மாசமா இருக்கிறவங்களுக்கு அத ஒதுக்கிட்டு அமாக்சிசிலின் குடுப்பாங்க. பின்ன, ரத்தத்த டெஸ்ட் பண்ணாமலே மருந்து குடுத்தாரேன்னு யாராவது கேட்டா அதுவும் சரிதான். அந்த வட்டத் தடிப்பு இருந்தா அதுவே போதும், கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல தெரிய சில வாரம் ஆகும், மொதல்லயே எடுத்தா நெகட்டிவ்னு வந்து ஏமாத்திப் போடும்.

இன்னொண்ணு, இத மவகிட்ட கட்டாயம் சொல்லுங்க. நோய் முழுசா மாறின பெறகும் டெஸ்ட் பாசிட்டிவா வருசக்கணக்குல நிக்கலாம். பிள்ளை பொறந்ததும் அதோட ரத்தத்த எடுத்து 'பாசிட்டிவ்'னு வந்தாலும் பதறப்பிடாது, தாயோட எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாப் போயி பிள்ளை உடம்புல சில மாசம் கெடக்கும், அது நோய் இல்ல. பேறுகாலத்துக்குப் போகும்போது இந்த மாசத்துல லைம் வந்துது, இன்ன மருந்து இத்தன நாள் எடுத்தேன்னு பிரசவம் பாக்குற டாக்டர்கிட்டயும் பிள்ளை டாக்டர்கிட்டயும் சொல்லிரணும், அது போதும். அதுக்கு எடையில காய்ச்சல், முட்டு வீக்கம், மொகம் ஒரு பக்கம் கோணிப் போறது, நெஞ்சு படபடப்பு இதுல எது வந்தாலும் திரும்ப டாக்டரப் பாக்கணும்.

பால் தாராளமா குடுக்கலாம். தாய்ப்பால் வழியா லைம் பரவினதா ஒரு கேஸ் கூட வந்தது இல்ல. அப்புறம் இஞ்ச இருந்து நெலவேம்பும் கசாயப் பொடியும் பார்சல் கட்டி அனுப்பாதீங்க, அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியும் அதான் சொல்லுதேன், மாசமா இருக்கிற பொண்ணுக்கு அது வேண்டாம்.

கேள்வி: எனக்கு குலசேகரம், ரப்பர் வெட்டு வேலை. வீட்டுக்காரி ஏழு மாசம். வீட்டு நாய் முழுக்க உண்ணி. டிவியில லைம் நோய்னு பாத்தேன், நம்ம ஊரு உண்ணி கடிச்சாலும் பிள்ளைக்கு ஆபத்தா?

பதில்: தம்பி, லைம பரப்புற உண்ணி வேற சாதி, இக்ஸோடஸ்னு பேரு, அதோட குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். உங்க நாய் மேல கெடக்குறது செவந்த நாய் உண்ணி, அது லைம பரப்புறது இல்ல. இந்தியாவுல லைம் அங்கொண்ணு இங்கொண்ணா வந்திருக்கு, வயநாட்டுப் பக்கமும் வந்திருக்கு, ஆனா நம்ம மாவட்டத்துல மாசமா இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல்னா லைம் கடைசியாத்தான் எனக்கு ஞாபகம் வரும்.

மொதல்ல ஞாபகம் வருறது ஸ்க்ரப் டைபஸ், பேப்பர்ல 'உண்ணிக் காய்ச்சல்'னு போடுவாங்களே அதுதான். பேருதான் உண்ணி, உண்மையில அது கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு பூச்சியோட குஞ்சு கடிச்சு வருறது, பேச்சிப்பாறை கீரிப்பாறைன்னு மலையடிவாரத்துல புல்லும் புதரும் எங்க உண்டோ அங்க எல்லாம் வரலாம். கர்ப்பத்துல வந்து கவனிக்காம விட்டா பிள்ளை போயிரவும் வாய்ப்பு உண்டு, லைம விட இதத்தான் நீங்க பயப்படணும். காய்ச்சலோட அக்குள், இடுப்பு, மாருக்குக் கீழ, தொடை இடுக்கு இங்க எல்லாம் பீடி வச்சுச் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கான்னு வீட்டுக்காரிய பாக்கச் சொல்லுங்க, வலிக்காது அதனால அவங்களே கவனிச்சிருக்க மாட்டாங்க. பொருக்கு இல்லாமலும் வரும். இதுக்கு மாசமா இருக்கிறவங்களுக்கு அசித்ரோமைசின் குடுத்தா கேக்கும், ஆனா மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்குற வேலை வேண்டாம், ரெண்டு நாளுக்கு மேல காய்ச்சல் நின்னா ஆஸ்பத்திரி. மழைக்காலத்துல எலிக்காய்ச்சலும் இங்க வரும், அதோட கிருமியும் அந்தச் சுருள் வம்சம்தான்.

நாய வெட்டினரி டாக்டர்கிட்ட காட்டி உண்ணிக்கு மருந்து போடுங்க, உண்ணி பிடுங்குற வேலைய வீட்டுக்காரிக்குக் குடுக்காதீங்க. உங்க மேல கடிச்சிருந்தா மண்ணெண்ணெ ஊத்துறது, தீக்குச்சி வச்சுச் சுடுறது ரெண்டும் வேண்டாம், எங்க வீட்டுலயும் மாட்டு உண்ணிக்கு அதத்தான் பண்ணுவாங்க. கூர்மையான ட்வீசரால தோலுக்கு ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுத்து எடுத்துட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க.

கேள்வி: லைம் நோய்க்குத் தடுப்பூசி உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மனுசனுக்கு இப்ப கடையில இல்ல. 1998ல அமெரிக்காவுல ஒண்ணு வந்துது, வாங்க ஆளு கொறஞ்சு போனதால 2002ல கம்பெனியே நிறுத்திட்டு. நாய்க்கு மட்டும் அங்க இன்னும் போடுறாங்க.