வீடு பார்க்க வந்தவர் வாசலை மறித்து நின்றால்?

கேள்வி: எனக்கு வயது 58. கணவர் இல்லை, மகன் பெங்களூரில். வேலூர் சத்துவாச்சாரியில் கீழ் வீட்டில் தனியாக இருக்கிறேன். மாடி போர்ஷன் காலி. டு-லெட் போர்டு பார்த்து ஒருவர் போன் செய்தார். அம்மாவுக்கு சி.எம்.சி.யில் வைத்தியம், ஆறு மாதம் தங்கணும் என்றார். வீட்டைப் பார்க்கும் முன்பே 5,000 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார், ஒண்டியாக. மாடிக்குப் போனதும் கதவைச் சாத்தி, குறுக்கே நின்றுகொண்டு, "ராத்திரி துணைக்கு யார் இருப்பாங்க? பையன் எப்போ வருவான்?" என்று கேட்டார். வழி விடச் சொன்னேன், சிரித்தார். எதிர்வீட்டுக்காரர் கீழே இருந்து குரல் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். இப்போது தினமும் போன். "அட்வான்ஸ் வாங்கிட்டீங்க, வீடு தராட்டி கேஸ் போடுவேன்" என்கிறார். வடநாட்டு ஆட்கள் என்றால்தான் யோசிப்பேன். இவர் பேச்சு நம்ம ஊர்ப் பேச்சு. மேலே கை படாததால் போலீஸ் எடுக்காது என்கிறாள் தங்கை. என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போலீசுக்குப் போகலாம் அம்மா. ஆனால் அதற்கு முன் அந்த 5,000 ரூபாயை முடித்துவிடுங்கள். இந்த ஆள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போனில் பணம் வந்து விழுந்ததால் அவர் குடித்தனக்காரர் ஆகிவிட மாட்டார். யாருக்கு வீடு கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். பணம் எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்ணுக்கு முழுசாகத் திருப்பி அனுப்புங்கள். அலைக்கழித்தாரே என்று நூறு இருநூறு பிடித்து வைக்க வேண்டாம்.

கையோடு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி: "மாடி போர்ஷனை உங்களுக்குத் தர விருப்பமில்லை. 5,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி போன் செய்யவோ வீட்டுக்கு வரவோ வேண்டாம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதாதீர்கள், அவர் எடுத்தெறிந்து பேசினாலும். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 78-வது பிரிவு, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பழக்கம் பிடிக்கத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. இன்றைக்கு அவர் "வீட்டு விஷயமாகத்தான் கூப்பிட்டேன்" என்று தப்பிக்கலாம். பணம் திரும்பி, இந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது.

உங்கள் தங்கை சொல்வது சரியல்ல. நீங்கள் போக உரிமையுள்ள வழியை மறிப்பது அதே சட்டத்தின் 126-வது பிரிவில் தனிக் குற்றம். கை பட வேண்டிய அவசியமே இல்லை. "உள்ளே கூப்பிட்டதே அவங்கதான்" என்று அவர் சொல்வார். சொல்லட்டும். முறையாக உள்ளே வந்தவரும், மிரட்டும் எண்ணத்தோடு வெளியேறாமல் நின்றால் அத்துமீறல்தான் என்கிறது 329-வது பிரிவு.

எதிர்வீட்டுக்காரர் முக்கியமான சாட்சி. அவர் வீட்டில் கேமரா இருந்தால் புகாருக்கு முன்பே அன்றைய பதிவைத் தனியாக நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள், கேமரா பதிவைச் சேமிக்கும் பெரும்பாலான டி.வி.ஆர். பெட்டிகளில் சில நாளில் பழையது அழிந்து அதன் மேலேயே புதியது பதிந்துவிடும். போனில் கால் லிஸ்ட்டை அழிக்காதீர்கள்.

புகாரில் "தவறாக நடந்துகொண்டார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுப்பவர்களே அதிகம். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. கதவைச் சாத்தியது, எந்த இடத்தில் நின்றார், கேட்ட கேள்வி அவர் சொன்ன வார்த்தையிலேயே, நீங்கள் வழி விடச் சொன்னது, எத்தனை மணி, எந்த எண்: இவை வேண்டும். காவல் நிலையத்தில் எப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். எடுக்க மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம்; சட்டமே அந்த வழியைக் கொடுத்திருக்கிறது. மறுபடி கேட்டில் வந்து நின்றால் கதவைத் திறந்து பேச்சுக் கொடுக்க வேண்டாம், 112-க்கு அடியுங்கள்.

இனி வீடு காட்டுவதைப் பற்றி. பகலில் மட்டும், எதிர்வீட்டில் சொல்லிவிட்டு. வருகிறவர் அடையாள அட்டைப் படத்தை முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். சிகிச்சைக்கு வந்த குடும்பம் என்றால் ஆஸ்பத்திரி கார்டு இருக்கும். கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். அந்த மக்களை நம்பித்தான் நம் ஊரில் பாதித் தெரு பிழைக்கிறது, மொழியை வைத்து ஆளை எடை போட வேண்டாம்; நீங்களே பார்த்துவிட்டீர்கள். மாடிக் கதவை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அவர் முன்னால் ஏறிப் போய்ப் பார்க்கட்டும், நீங்கள் வாசலைத் தாண்டி உள்ளே போகாமல் படிக்கட்டுப் பக்கமே நில்லுங்கள். பூட்டும் சாவியும் உங்கள் கையில் இருக்கட்டும், கதவில் தொங்கவிடாதீர்கள். வீட்டில் யார் யார் என்று கேட்டால் "மகன்தான் அக்ரிமென்ட் போடுவான், அவனிடம் பேசுங்கள்" என்றால் போதும். போர்டிலும் முடிந்தால் மகன் எண்ணையே எழுதுங்கள். பார்ப்பதற்கு முன் யார் பணம் போட்டாலும் அன்றே திருப்பிவிடுங்கள்.

மிளகாய்ப் பொடி வைத்துக்கொள்ளலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தற்காப்பு உங்கள் உரிமை, தப்பிக்கத் தேவையான அளவுக்கு. ஆள் ஓடிய பிறகு துரத்திப் போய்த் தூவினால் புகார் உங்கள் மேல் திரும்பும்.