ஈசிஜி நார்மல், ஆனால் நெஞ்சு அடைக்கிறதே?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு 46 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. பீடிப் பழக்கம் உண்டு. மூன்று வாரமாக, ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டியைத் தள்ளும்போது நெஞ்சை அடைக்கிறது என்கிறார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஈசிஜி எடுத்தோம், நார்மல். மருந்துக்கடையில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இதோடு விட்டுவிடலாமா?"

விடக்கூடாதும்மா. ஈசிஜி எடுத்தபோது அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். அடைப்பது வண்டி தள்ளும்போது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும், படுத்திருக்கும் ஆளுக்கு வேண்டிய ரத்தம் போய்விடும். தெருக்குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்தாலும் ஒரு குடம் எப்படியோ நிரம்பிவிடும். தெருவே குடத்தோடு வந்து நின்றால்தான் பற்றாக்குறை தெரியும். அதே கணக்குத்தான். படுத்தபடி எடுக்கும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) நார்மல் என்று வரலாம்.

அவரிடம், "எங்கே அடைக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டால் அது தசைவலியாகவும் இருக்கலாம். கையை மூடி முஷ்டியாக நடுநெஞ்சில் வைத்தால் எனக்குச் சந்தேகம் கூடும். இதுவே முடிவல்ல. ஆனால் உழைத்தால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. கேஸ் தொல்லைக்கு வண்டியின் பாரம் தெரியாது.

நாளைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ வேறு இதய மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். அதுவரை வண்டியைத் தொட வேண்டாம். புதிதாகத் தொடங்கிய வலி என்பதால் டிரெட்மில் சோதனையா (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி), சிடி ஆஞ்சியோவா (இதயக் குழாய்களின் சிடி ஸ்கேன்), நேராக ஆஞ்சியோகிராமா (மெல்லிய குழாய் செலுத்தி எடுக்கும் படம்) என்பதை அவரைப் பார்த்த பிறகு மருத்துவர் சொல்வார். நீங்களாக லேபுக்குப் போய் டிரெட்மில்லில் ஏற்றிவிடாதீர்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, இதயத் தசை சேதமாகியிருந்தால்தான் காட்டும். அதுவும் சில மணி நேரம் கழித்து. அதனால்தான் நெஞ்சுவலியோடு வருபவருக்கு இரண்டு முறை எடுக்கிறோம்.

"46 வயதிலா?" என்று தோன்றும். அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கவனித்ததில்தான் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை மூன்றும் இதய நோய்க்குக் காரணங்களாக வசமாகச் சிக்கின. 2004-இல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் எல்லாம் சேர்ந்தன. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. பீடி சிகரெட்டைவிடச் சாது என்று நினைப்பவர்கள் நம் பக்கம் அதிகம். இல்லை, அதுவும் மாரடைப்புக்கு வழி.

சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, 15 நிமிடம் தாண்டியும் விடாவிட்டாலோ, குப்பென்று வியர்த்தாலோ உடனே 108. ஆட்டோவோ பைக்கோ வேண்டாம்.

அப்புறம், பழைய ஈசிஜி காகிதத்தைத் தூக்கிப்போடாதீர்கள். புதியதோடு ஒப்பிட அது வேண்டும். நாளடைவில் அதன் கோடுகள் மங்கிவிடும். இன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.