பேரனிடம் வாங்கிய சத்தியம்

கேள்வி: என் வயது 67. ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரனோடு இருக்கிறேன். பிபி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஏழு மாதத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் ஈசிஜி எடுத்தபோது இதயம் தாறுமாறாகத் துடிப்பதாகச் சொன்னார்கள். தோழியோடு பாளையங்கோட்டையில் இதய டாக்டரைப் பார்த்தேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். எக்கோ ஸ்கேனில் இதய வால்வுகள் நன்றாக இருக்கின்றனவாம். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் காலை, இரவு. துடிப்பை அடக்க மெட்டோப்ரோலால். அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் படபடப்பு வந்து மாடிப்படி ஏற முடிவதில்லை. ‘அப்லேஷன் என்ற குழாய்வழிச் சிகிச்சை பற்றி யோசிக்கலாம், வீட்டில் ஒருவரைக் கூட்டிவாருங்கள்’ என்கிறார் டாக்டர். வீட்டில் யாருக்கும் தெரியாது. மருமகள் இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போகிறாள், மாலை ஏழு மணிக்குத்தான் வருவாள். தெரிந்தால் வேலையை விட்டுவிடுவாள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. மாத்திரையைச் சாமி அலமாரியில் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மருமகள் பக்கத்தில் இருந்தால் பேரன்தான் எடுத்துவந்து கொடுப்பான். சத்தியம் வாங்கியிருக்கிறேன்; கெட்டிக்காரன், மூச்சு விட மாட்டான். எப்போதாவது இரவு வேளை தவறினால் காலையில் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன். அப்லேஷன் செய்துகொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கோவையில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாளில் முடித்துக்கொண்டு வரலாமா? இல்லை, மருதம்பட்டைக் கஷாயமே போதுமா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: டீச்சர், இதயத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் பேரனைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் கடிதம் ஓடவில்லை.

ஒன்பது வயது என்றால் நாலாம் வகுப்பு. அந்த வயதுப் பிள்ளைகளோடு ஒரு காலம் முழுக்க இருந்தவர் நீங்கள். ஒரு ரகசியத்தை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கா தெரியாது? பெரியவர்கள் மறந்துவிடுவோம். பிள்ளை மறக்காது. ராத்திரி ஆச்சி மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு கிடக்கும். அம்மா எதைக் கேட்டாலும் திடுக்கிடும். நாளை உங்களுக்கு ஒன்று ஆனால், ‘நான் சொல்லியிருந்தால் ஆச்சி பிழைத்திருப்பாள்’ என்று ஐம்பது வயதிலும் நினைக்கும். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்கிறீர்கள். மகன் தோளில் வைக்கக் கூசிய மூட்டையை அவன் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டீர்கள். அதற்குக் கெட்டிக்காரன் என்று பட்டம் வேறு.

நோயை மறைக்கும் அம்மாக்களின் கடிதம் வராத மாதம் எனக்கு இல்லை. எல்லோரும் தியாகம் என்றே எழுதுகிறார்கள். குழந்தையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு தியாகம் எனக்குத் தெரிந்து கிடையாது.

‘பயப்படாதீர்கள், இது பலருக்கும் வருவதுதான்’ என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பலருக்கும் வருவதுதான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் மருமகளின் வேலைக்குப் பயப்படுகிறீர்கள். படபடப்பு தொல்லை, ஆபத்து வேறு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையில் ஒட்டியிருக்கும் சிறிய பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நகர்ந்தால் பெரும்பாலும் போய் அடைப்பது மூளையில். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. வந்தால் கடுமையாகவும் வரும். பக்கவாத ஆபத்தை அளக்க டாக்டர்கள் புள்ளி போடுவார்கள்: உங்கள் வயதுக்கு ஒரு புள்ளி, பிபிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ஆக 3. பெண் என்பதற்காகப் போட்டுவந்த புள்ளியை ஐரோப்பிய வழிகாட்டுதல் 2024-இல் எடுத்துவிட்டது. அதைச் சேர்க்காமலே 3. இரண்டு இருந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும் என்பார்கள்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களும் அவனும்தான். உங்கள் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. பிள்ளை 108-க்குப் போன் செய்யுமா? செய்யக் கூடாது என்றல்லவா சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்! மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4½ மணி நேரம்தான் கெடு. அவன் விழித்துக்கொண்டு நிற்க நிற்க அந்த நேரம் கரையும்.

சரி, மகன் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?’ என்று கேட்பார்கள். ‘பிபி, சர்க்கரைக்கு மட்டும்தான் டாக்டர்’ என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். அபிக்ஸபான் உடம்பில் இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். அதனால்தான் அந்த மாத்திரை உண்டா, கடைசி வேளை எப்போது என்று முதலிலேயே விசாரிப்பார்கள். தெரிந்தால் ஊசியை விட்டுவிட்டு, குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் விடை தெரிந்த ஒரே ஆள் நாலாம் வகுப்புப் பையன்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். முழங்கால் வலி என்று நாளை நீங்கள் முனகினால் மருமகள் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிவந்து அக்கறையாகக் கொடுப்பாள். அபிக்ஸபானோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி. கொடுத்த கைக்குத் தெரியாது. என் பெரியப்பா ஒருவர் இப்படித்தான். அவர் என்ன மருந்து சாப்பிட்டார் என்பதே அவர் போன பிறகு சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியம்மா அந்தச் சீட்டைக் கடைசிவரை கிழிக்கவில்லை.

இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன் என்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அபிக்ஸபானின் வேலை ஏறக்குறைய அரை நாளில் பாதி இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வேளை. தவறியது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் உடனே போடலாம். விடிந்துவிட்டால் அடுத்த வேளையை மட்டும் போடுங்கள். இரட்டிப்பாகப் போட்டால் ராத்திரி இல்லாத பாதுகாப்பு திரும்பி வராது, காலையில் ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். சரி, ஏன் தவறுகிறது? மருமகள் ஹாலில் உட்கார்ந்திருப்பதால்! சொந்த வீட்டில் திருடனைப் போல மாத்திரை விழுங்கும் நிலையை யார் உண்டாக்கியது?

அப்லேஷனுக்கு வருகிறேன். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது மேலறையில் சேரும் வாயைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ மின்துடிப்பாலோ தழும்பு உண்டாக்குவார்கள். தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடும் மின்பொறி பெரும்பாலும் அந்தச் சிரைகளில்தான் கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. மாத்திரைக்கு அடங்காத படபடப்பு உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வழிதான். 2,200 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மரணம், பக்கவாதம் போன்றவற்றில் மருந்தைவிட அப்லேஷன் மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை; ஆனால் தொல்லை குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. மாடிப்படி ஏற முடியாதவருக்கு அது சின்ன விஷயமா என்ன.

தள்ளிப்போடவும் வேண்டாம். நோய் தெரிந்த ஓராண்டுக்குள் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றவர்களுக்குப் பலன் கூடுதல் என்று 2020-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. உங்களுக்கு ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஆனால் உங்கள் கணக்கு வேறு. அப்லேஷன் செய்தால் மாத்திரை போகும், மாத்திரை போனால் ரகசியம் நிற்கும். அது நடக்காது. முடித்த பிறகும் இரண்டு மூன்று மாதம் அந்த மாத்திரை கட்டாயம். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதைத் துடிப்பு சரியானதை வைத்து முடிவு செய்வதில்லை; பக்கவாதப் புள்ளியை வைத்துத்தான். உங்கள் 3 அப்படியேதான் இருக்கப் போகிறது. முதல் சில வாரம் படபடப்பு மறுபடி தலைகாட்டலாம். சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரும். நூற்றில் சிலருக்கு இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது போன்ற சிக்கல் வரும். அந்த நேரத்தில் கூப்பிட வெளியே ஒரு ஆள் வேண்டும். கோவை போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மகனை எந்த நம்பரில் எழுப்புவார்கள்? ‘வீட்டில் ஒருவரைக் கூட்டிவாருங்கள்’ என்று டாக்டர் சொன்னது மரியாதைக்காக இல்லை. ஒரு விஷயம் பாருங்கள்: இந்த நோய்க்கும் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கும் தொடர்பு உண்டு. குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று டாக்டர் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவர் யார்? மறுபடி அந்தப் பையன்தானே?

மருதம்பட்டை மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் அது ரத்தக்கட்டியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்; மாத்திரைக்குப் பதிலாக என்றால் வேண்டவே வேண்டாம். முருங்கைக்கீரையை யாராவது நிறுத்தச் சொல்லியிருந்தால், அது அசிட்ரோம் என்ற வேறொரு உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான எச்சரிக்கை, உங்களுக்கு இல்லை. தாராளமாகக் கிண்டிச் சாப்பிடுங்கள்.

மருமகள் வேலையை விட்டுவிடுவாள் என்கிறீர்கள். அவளைக் கேட்டீர்களா? அவளுக்காக நீங்களே முடிவு செய்து, அந்த முடிவிலிருந்து அவளைக் காப்பாற்றவும் கிளம்பிவிட்டீர்கள். ஒரு வீட்டில் சேர்ந்து இருப்பது என்றால் ஒருவர் நோயில் மற்றவருக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறவள் நான். அந்தப் பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்குப் பெயர் வீம்பு. பிள்ளைகளுக்குப் பெற்றவரைப் பார்க்கும் கடமை உண்டு என்றால், பார்க்க விடுவது பெற்றவரின் கடமை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் முதலில் சொல்லுங்கள்; மகனிடம் பிறகு. வீட்டில் உங்களோடு அதிக நேரம் இருப்பவள் அவள்தான், மாத்திரைப் பெயரை நினைவில் வைக்கப் போகிறவளும் அவள்தான். மகன் முதலில் கேட்டால் கத்துவான், அவள் குற்றவாளி போல நிற்பாள். அது வேண்டாம். பிறகு பையனைக் கூப்பிட்டு அவன் அம்மா அப்பா முன்னாலேயே சொல்லுங்கள்: ‘உன்கிட்ட அப்படிச் சத்தியம் வாங்கினது ஆச்சி செஞ்ச தப்பு. இனி எனக்கு என்ன ஆனாலும் சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிடணும்.’ 108-க்கு எப்படிப் போன் செய்வது, வீட்டு முகவரியை எப்படிச் சொல்வது என்று அவனுக்குப் பாடமாக நடத்துங்கள். நடத்தத் தெரியாதவரா நீங்கள்?

அன்றைக்கே திருநீற்றுச் சம்புடத்துக்குப் பின்னால் இருப்பதை எடுத்து, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் இருக்கட்டும்.