கதிர்வீச்சுக் கடலைக் கொடியை மாடு தின்னலாமா?

கேள்வி: குப்பம் பக்கம் மூன்று ஏக்கர், மானாவாரிச் செம்மண். போன ஆனியில் 'அணு விதை' என்று டீலர் சொன்னதை நம்பி, கூடுதல் விலைக்கு டிஏஜி 24 என்ற நிலக்கடலை ரகத்தை வாங்கிப் போட்டேன். உரித்த பருப்பு, சீட்டு ஏதும் இல்லாத வெறும் சாக்கு. பாதிதான் முளைத்தது, செடியும் குட்டை. கதிர்வீச்சு பட்ட கொடி என்று வீட்டில் மாட்டுக்குப் போடப் பயப்படுகிறார்கள். இனி சொந்த விதைக்கே எக்ஸ்ரே கொடுத்து விதைக்கலாமா?

பதில்: கொடியைத் தாராளமாகப் போடுங்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் வேண்டாம். கதிர் பட்டது உங்கள் விதையில் இல்லை, அதன் பாட்டன் பூட்டனில். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 'ஸ்பானிஷ் இம்ப்ரூவ்டு' ரக விதையில் எக்ஸ்ரே செலுத்தி, மாறி வந்த செடிகளைப் பொறுக்கி, வேறு ரகங்களோடும் கலப்புச் செய்து, 1990களின் தொடக்கத்தில் வெளியே விட்டதுதான் டிஏஜி 24. குட்டையாக நிற்பது அதன் குணம், நோய் இல்லை.

எக்ஸ்ரே ஆசையை விடுங்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதற்குப் பத்தாது, அளவைக் கூட்டினால் முளைக்காததும் மலடும்தான் மிஞ்சும். நல்ல மாற்றம் ஒன்று தப்பி வந்தாலும் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறையில்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்கு ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: ரபி (குளிர்காலப் பட்டம்), கோடைப் பாசனத்துக்கென்று வந்த ரகத்தை ஆனி மானாவாரியில் ஏன் போட்டேன்? உங்கள் மண்ணுக்குக் கதிரி 6 மாதிரி ரகம் ஒன்றைப் பார்த்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய தப்பு உரித்த பருப்பு வாங்கியது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மெஷினில் உரித்தால் தோல் கீறும், பருப்பு பிளக்கும், கீறின இடத்தில் பூஞ்சாணம் ஏறும், சாக்கில் கிடந்தே முளைப்புத்திறன் இறங்கும். அந்தப் பருப்புக்கு மருந்து கலந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. விதைக்கடலையைக் காயாகவே வையுங்கள், ஈரம் 9 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்னால் கையால் உரியுங்கள். கூலி ஆகும்தான், ஆனால் பாதி நிலம் சொட்டையாகக் கிடப்பதைவிட மலிவு. கடலை தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, சுத்தமான ரகம் ஒருமுறை கிடைத்தால் இரண்டு மூன்று வருடம் சொந்த விதையே போதும். டீலருக்கு இது பிடிக்காது, அதனால்தான் 'அணு' என்று பெயர் வைத்து வருடா வருடம் விற்கிறார்கள். சான்று விதைக்கான நீலச் சீட்டு இல்லாத சாக்கில் டிஏஜி 24 தான் இருந்தது என்பதற்கே என்ன அத்தாட்சி?

இந்த முறை சீட்டும் பில்லும் உள்ள விதையைக் காயாக வாங்குங்கள். நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுற்றிவைத்துப் பாருங்கள், எழுபதுக்குக் கீழே முளைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.