அப்டேட் ஆகிட்டாங்களா?

கேள்வி: எங்க ஊர் அரசுப் பள்ளியில அம்பது வயசு டீச்சர்கூட செல்போன், ஸ்மார்ட் போர்டுன்னு கலக்குறாங்க. இவ்வளவு சீக்கிரம் எப்படி அப்டேட் ஆனாங்க?

பதில்: ஸ்டாஃப் ரூம்ல அந்த அப்டேட்ங்கிற வார்த்தைக்கு வேற அர்த்தம்ங்க. "டீச்சர், எமிஸ்ல அப்டேட் பண்ணிட்டீங்களா?" எமிஸ்னா பள்ளி விவரம், வருகை எல்லாத்தையும் ஏத்துற அரசோட ஆன்லைன் பதிவு. அங்க அதைக் கேட்டாலே பல பேருக்கு வயித்தைக் கலக்கும். எங்க அக்கா ஈராசிரியர் பள்ளியில இருந்தவங்க. பிரேயர் முடிஞ்சதும் ஆப்ல அட்டெண்டன்ஸ் போடணும், கிளாஸுக்குள்ள சிக்னல் வராது, வேப்பமரத்தடியில போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பாங்க, உள்ள மூணு கிளாஸ் பசங்க ஒண்ணா உக்காந்து கத்திட்டு இருக்கும். லேட்டாச்சுன்னா வாட்ஸ்அப் குரூப்ல பெண்டிங் லிஸ்ட் வந்துடும், பள்ளிக்கூடத்துப் பேரு சிவப்புல, ஒன்றியத்துல இருக்குற அத்தனை ஹெச்எம்மும் பாப்பாங்க. அந்த சிவப்புக்குப் பயந்துதான் அக்கா ஆப்பே கத்துக்கிட்டாங்க. 2023 அக்டோபர்ல தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கங்களோட கூட்டமைப்பான டெட்டோஜாக் சென்னையில போராடுனப்போ எமிஸ் வேலையில இருந்து எங்களை விடுங்கன்னு கேட்டது சும்மா இல்ல.

அப்புறம் ஊர்க்காரங்க. மெட்ரிக் ஸ்கூல் வேன் தெருவுக்குள்ளயே வருது. "அங்க ஸ்மார்ட் கிளாஸ் இருக்காமே"ன்னு ஒரு அம்மா கேட்டா அக்காவுக்கு ராத்திரி தூக்கம் போயிடும். பிள்ளைங்க குறைஞ்சா டீச்சர் போஸ்ட்டே சர்ப்ளஸ், அதாவது உபரின்னு ஆகிடும்ல, அதான் ப்ரொஜெக்டரைப் போட்டு போட்டோ எடுத்து ஊர் குரூப்ல போடுவாங்க.

ஆனா 2018ல புதுப் பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு வந்துச்சே, அதை அக்கா ரொம்ப நாள் தொடவே இல்ல. பக்கத்து ஊர் பள்ளிக்குப் புதுசா வந்த ஒரு சின்ன டீச்சர் பஸ் ஸ்டாப்புல வெச்சு "போனைக் குடுங்கக்கா, இப்படித்தான் ஸ்கேன் பண்ணணும்"னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துச்சு. மறுநாள் ஒண்ணாங்கிளாஸ் மொத்தமும் பாட்டு வீடியோ பாத்து ஆடுச்சு. எத்தனை ட்ரெய்னிங் போட்டாலும் அந்த பஸ் ஸ்டாப்புக்கு ஈடாகாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

ஆனா ஆப்ல அட்டெண்டன்ஸ் போட்டாலும் கிளாஸ்ல பேர் கூப்பிடுறதை விட்டுடாதீங்க டீச்சர்னு இந்தப் பக்கத்துல பல தடவை எழுதிட்டேன், மறுபடியும் எழுதுறேன். "உள்ளேன் டீச்சர்"னு ஒரு பொண்ணு சொன்ன குரலைக் கேட்டுத்தான் அக்கா நிமிர்ந்து பாத்து, நெத்தியைத் தொட்டு, காய்ச்சல்னு கண்டுபிடிச்சாங்க. ஆப்ல போட்டு முடிச்ச பிறகும் ரிட்டையர் ஆகுற வரைக்கும் தினமும் ஒவ்வொரு பேரா கூப்பிட்டாங்க.